வெளுத்த குஞ்சுகளும் மைதீன் சாரும்

மீன்களுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தபோது மைதீன் சாரின் மைத்துனர் போன் செய்தார். "அண்ணாச்சி, மச்சான் மவுத்தாயிட்டாக." சார் இறந்த சேதி கேட்டதும் டப்பாவிலிருந்த இரை முழுவதும் தொட்டிக்குள் கொட்டிவிட்டது. அன்று மீன்களுக்கு மட்டும் பெருநாள்.

விருதுநகரில் எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் அவரோடு இருந்தவர்களுக்குத் தெரியும், அவர் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் தீபாவளி வந்து போய்விடும். நானோ சிவகாசியில் வெடி சோதித்தே ஒரு காதைத் தானம் செய்த மாவீரன், பிறகு இங்கே தொட்டி கழுவ வந்தவன். பேசாதவருக்கும் கேட்காதவனுக்கும் நல்ல பொருத்தம்.

சுண்டுவிரல் நீள வரிமீனின் முட்டை, இரண்டு செல்லாகப் பிரிவதற்குள் அதில் ஊசி குத்துவார். ஊசிக்குள் மரபணுவை வெட்டும் நொதி. "கத்தரி மட்டும் இருந்தா போதாது அண்ணாச்சி, எங்கன வெட்டணும்னு வழி சொல்லி அனுப்பணும்." வெட்ட வேண்டியது, மீனுக்குக் கறுப்பு நிறம் தரும் மரபணுவை. மாதக்கணக்கில் குத்தினார். குஞ்சுகள் எல்லாம் கறுப்புப் புள்ளியோடுதான் பிறந்தன.

செத்த முட்டை வெளுக்கும், அதை எடுத்துவிடுவது என் வேலை. ஒரு காலை, பொரிந்த குஞ்சுகளிலேயே சில வெளுத்திருந்தன. வெடிக் கம்பெனியில் திரி வெளுத்தால் நமுத்த சரக்கு, யோசிக்காமல் ஒதுக்குவோம். ஒதுக்கினேன், பிளீச்சிங் வாளிக்குள்.

சார் வந்து பார்த்தார். "மறுபடியும் கறுப்புத்தானா? போதும் அண்ணாச்சி, விட்டுருவோம்."

வாய் திறக்காமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். "வெளுப்பா கொஞ்சம் இருந்துச்சு சார். நமுத்ததுன்னு நாந்தான் கொட்டிட்டேன்."

வாளியருகே அப்படியே உட்கார்ந்தார். "எம்புட்டு வெளுப்பு?"

"ஒரு பொட்டுக் கறுப்பு இல்ல சார்."

"அப்ப வெட்டு விழுந்திருக்கு வே!" என்று சிரித்தார் பாருங்கள், வெம்பக்கோட்டை அணையே தளும்பியிருக்கும். ஐந்து வருடத்தில் நான் கேட்ட ஒரே சிரிப்பு. பிறகு சொன்னார்: "இனிமே எறியறதுக்கு முன்னால எனக்கு ஒரு குரல் கொடுங்க."

அடுத்த முறை வந்த குஞ்சுகள் கண்ணாடி மாதிரி இருந்தன. இதயம் துடிப்பது வெளியே தெரிந்தது.

அவர் அறை இப்போது பூட்டிக் கிடக்கிறது. தொட்டிகளுக்கு நான் ஒருவன்தான். வித்தியாசமாக ஒரு குஞ்சைக் கண்டால் இன்றும் "சார்" என்று ஒரு குரல் கொடுக்கிறேன். காற்று மோட்டார் மட்டும் குமிழி விடுகிறது. பதில் வராமல் எப்படி எறிவது? தொட்டி நிறைந்து, இப்போது என் சாப்பாட்டுத் தூக்குவாளியிலும் மீன்.