கீபோர்டுக்கு அடியில் ஒரு வீடு

உங்கள் கைபேசியில் ஏதோ ஒரு பக்கம் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால் முதலில் யார்மீது சந்தேகப்படுகிறீர்கள்? அதைச் செய்தவர்மீதா, உங்கள்மீதா? "எனக்குத்தான் இதெல்லாம் தெரியல" என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எத்தனை முறை விலகியிருக்கிறீர்கள்? அப்படிச் சொல்ல உங்களைப் பழக்கியது யார்?

நான் சொல்லப்போகும் பெண்ணுக்கு அலுவலகத்தில் பட்டப்பெயர் 'நொட்டை'. இணையதளம் ஒன்றை யாராவது கட்டி முடித்தால் அது அவள் மேசைக்கு வரும். எல்லோர் கையிலும் ஒரே போன் இல்லை; எல்லாக் கணினியிலும் ஒரே பிரவுசர் இல்லை. ஒன்றில் அழகாக நிற்கும் பக்கம் இன்னொன்றில் முடமாக நிற்கும். அந்த முடத்தைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. நொட்டை சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான்தான் என்று அவளே சிரிப்பாள்.

ஒருகாலத்தில் அவளுடைய இழுப்பறை நிறைய நிஜமான போன்கள் இருந்தன. பேட்டரிகள் உப்பிப் போயின, சார்ஜர்கள் காணாமல் போயின. பிறகு எமுலேட்டர் வந்தது. எந்தப் போனைக் கேட்டாலும் அதன் உருவத்தைக் கணினித் திரையில் கொண்டுவந்து, அதே போனாக நடித்துக் காட்டும் மென்பொருள் அது. பழைய சின்னப் போன், புதிய பெரிய போன், இந்த இயங்குதளம், அந்த இயங்குதளம் எல்லாம் ஒரு சொடுக்கில். மேலாளர் இழுப்பறையைக் காலி செய்யச் சொன்னார். தூசி தட்டும் வேலை மிச்சம் என்று அவளும் சந்தோஷமாகக் காலி செய்தாள்.

அரசு வீடுகளுக்கு விண்ணப்பிக்கும் தளம் வந்தபோது அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பழைய பிரவுசர் ஒன்றில் எழுத்துகளின் கால் வெட்டுப்பட்டு, 'புகார்' என்பது 'பகார்' என்று நின்றது.

"விடுக்கா. பகார்னு இருந்தா புகாரே வராது" என்றான் அதை எழுதிய பையன்.

"வாய் மட்டும் எல்லா பிரவுசர்லயும் நல்லா ஓடுது உனக்கு. திருத்துடா."

திருத்தினான். கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். போனுக்கு வரும் ரகசிய எண்ணை அதில் தட்டி, கீழே இருக்கும் 'அனுப்பு' பொத்தானை அழுத்த வேண்டும். அவள் ஒவ்வொரு எமுலேட்டராகத் திறந்தாள், எண்ணைத் தட்டினாள், அழுத்தினாள். எல்லாவற்றிலும் போயிற்று. சோதனை சரி என்று பச்சைக்குறி வந்தது. தளம் மக்களிடம் சென்றது.

அந்த மக்களில் அவளுடைய அக்காவும் ஒருத்தி.

அக்கா ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறாள். குடியிருப்பது மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அவள் கணவர் லாரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவரைத் தெருவுக்கு இறக்க வேண்டுமானால் இரண்டு பேர் தூக்க வேண்டும். "பல்லக்கு வந்தாத்தான் மாமா வெளிய வருவேன்" என்று மச்சினியிடம் சொல்லிவிட்டு ஜன்னலுக்குத் திரும்பிக்கொள்வார். ஊரெல்லாம் சுற்றிய மனிதருக்கு மிச்சம் இருப்பது அந்த ஜன்னலும், அதில் தெரியும் எதிர்ச் சுவரும். இந்த முறை தரைத்தள வீடுகள் உடல் ஊனமுற்றோர் உள்ள குடும்பங்களுக்கு என்று அறிவித்திருந்தார்கள். விண்ணப்பித்தால் கிடைக்க எல்லா நியாயமும் இருந்தது.

கடைசி நாள் மதியம், சலவைக் கூடத்து இரைச்சலுக்கு நடுவே அக்கா கூப்பிட்டாள்.

"ஏய், எல்லாம் போட்டுட்டேன்டி. கடைசில பொத்தான்னு சொன்னியே, அதைக் காணோம்."

"கீழ இருக்கும்க்கா."

"கீழ வெறும் நம்பராத்தான் இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"அது உனக்கு வந்த நம்பர். அதைப் பெட்டிக்குள்ள போடு."

"போட்டேன்டி. ஓரமா தொட்டா பெட்டியே மூடிக்குது. மறுபடி மொதல்லேர்ந்து வருது."

"அக்கா, அந்தத் தளத்த டெஸ்ட் பண்ணதே நான்தான். உலகத்துல இருக்கற அத்தனை போன்லயும் பாத்தாச்சு. ஊரே போடுது, உனக்கு மட்டும் பொத்தான் ஓடிப்போயிடுமா? பார்க்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."



"சரி சரி, கத்தாத. போயிடுச்சுன்னு நினைக்கறேன்" என்றாள் அக்கா.

போகவில்லை. தங்கையிடம் இன்னொரு முறை மட்டியாக நிற்க விரும்பாமல் சொன்ன வார்த்தை அது. வீடு கிடைத்தவர்களின் பெயர்கள் வெளியானபோது அக்காவின் பெயர் இல்லை. விசாரித்ததில், அப்படியொரு விண்ணப்பமே வரவில்லை என்றார்கள்.

நொட்டை ஓடினாள். அக்காவின் சின்னத் திரைப் போனை வாங்கி, கெடு முடிந்தும் மூடாமல் விட்டிருந்த அந்தத் தளத்தில் தானே எல்லாவற்றையும் நிரப்பினாள். சின்னப் பெட்டி திறந்தது. எண்ணைப் போட விரலை வைத்தாள். திரையின் கீழ்ப்பாதியிலிருந்து போனின் கீபோர்டு எழுந்து வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு அடியில் இருந்தது 'அனுப்பு' பொத்தான். பெட்டி மேலே நகரவில்லை. கீபோர்டை விலக்கப் பார்த்தாள், பெட்டியே மூடிக்கொண்டது.

எமுலேட்டரில் அவள் எண்ணைத் தட்டியது மேசைமேல் இருந்த கணினி கீபோர்டில். அதனால் திரைக்குள் கீபோர்டு எழவே இல்லை. போன் செய்யும் மற்ற எல்லாவற்றையும் அது நடித்தது. கட்டைவிரல் படும்போது போன் செய்யும் அந்த ஒன்றை மட்டும் நடிக்கவில்லை. அதையும் நடிக்கவைக்க எமுலேட்டரின் செட்டிங்கில் ஒரு அமைப்பு உண்டு. கணினி கீபோர்டில் தட்டுவது வேகம் என்று அவள்தான் அதை அணைத்து வைத்திருந்தாள். பெரிய போன் வைத்திருப்பவர்களுக்குக் கீபோர்டுக்கு மேலே பொத்தான் தெரிந்தது. பெரிய போன் வாங்க முடிந்தவர்களின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஏழையை வடிகட்ட யாரும் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வடிகட்டியிருக்க முடியாது.

"அதான்டி சொன்னேன், கீழ நம்பர்தான் இருக்குன்னு" என்றாள் அக்கா. கோபம்கூட இல்லை. "விடு. நம்ம நேரம் அப்படி."

"நேரம் இல்லக்கா. பொத்தான்."

மாமா ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னார்: "எல்லாத்துலயும் நொட்டை சொல்ற ஆளு, அதுல மட்டும் சொல்லாம விட்டுட்ட. போகட்டும், டீ போடச் சொல்லு உங்கக்காவ."

அவர் திட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

மறுநாள் மேலாளரிடம் காட்டினாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஓ, இதுவா? பொத்தான் காணோம்னு நிறையப் பேர் போன் பண்ணாங்க. யூசர் எர்ரர்னு மூடிட்டோமே?" அந்த அழைப்புகளின் குறிப்புகளில் சில அவளிடமும் வந்திருந்தன. படித்துப் பார்த்து, தலையாட்டி, மூடியவர்களில் அவளும் ஒருத்தி. யூசர் எர்ரர்: பயன்படுத்துபவரின் தவறு. இரண்டே சொல்லில் எத்தனை குடும்பங்களைக் குற்றவாளியாக்கி அனுப்பிவிட முடிகிறது, பாருங்கள்! கடவுள் விட்ட வழி என்று கைகழுவுகிறவனுக்கும், யூசர் எர்ரர் என்று கைகழுவுகிறவனுக்கும் நான் ஒரு வித்தியாசமும் காணவில்லை.

பொத்தானை அன்று மாலைக்குள் மேலே நகர்த்திவிட்டார்கள். திருத்துவதற்கு அவ்வளவு சுலபம். "ஆனா பழசுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் மேலாளர். வேலை போனாலும் போகட்டும் என்று அவள் வீட்டுவசதித் துறைக்கு எழுதினாள்: தவறு தளத்தில் இருந்தது, சோதித்தவள் நான், விண்ணப்பிக்க முடியாமல் போனவர்களுக்கு மறுபடி கதவைத் திறங்கள். வேலை போகவில்லை. பதிலும் வரவில்லை. தரைத்தள வீடுகளில் ஆட்கள் குடியேறிவிட்டார்கள்.

இப்போது அவள் இழுப்பறையில் மறுபடியும் பழைய போன்கள் இருக்கின்றன. எமுலேட்டரில் பார்த்ததை எல்லாம் கடைசியில் ஒருமுறை அவற்றில், கட்டைவிரலால் பார்க்கிறாள். நிகழ்ந்ததை மாற்ற அது போதாது என்று அவளுக்குத் தெரியும். அவளை உறுத்துவது அணைத்து வைத்த அந்த அமைப்புகூட இல்லை. அக்கா சரியான விடையைச் சொன்னாள். கடைசி நாள்தான், ஆனால் நேரம் இருந்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மாமா இன்று தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது போனோடு வந்து, "இது வேலை செய்யல" என்று நிற்பார்கள். உனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "கீழ என்ன தெரியுது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே நம்புங்கள். பிறகு, பொத்தானை மறைத்தவர்களுக்கு உங்கள் பெயரைப் போட்டு ஒரு புகார் எழுதுங்கள்.