ரசலையனுக்கு ஒரு மார்க்

அடைத்த குப்பியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் ரசலையன். உள்ளே ஒரு தூசி தெரிந்தால் போச்சு. கோலியைத் தள்ளி அத்தனை சோடாவையும் வாசலில் கொட்டிவிடுவார். "நான் குடிக்காதத ஊருக்குக் குடுக்கலாமா ஓய்?" என்பார்.

கோட்டாறு கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை. அதுதான் கம்பெனி. அவர் மெஷினைச் சுற்றுவார். மனைவி தேவகனி குப்பி கழுவி லேபிள் ஒட்டுவாள். காய்ச்சி, ஆறவைத்து, மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டாத தண்ணீரை மெஷின் பக்கம் கொண்டுபோக முடியாது. மனுஷர் முன்கோபி. ஆனால் அந்தக் கோபமும் சோடா மாதிரிதான், புஸ்ஸென்று பொங்கி அடங்கிவிடும்.

போன டிசம்பரில் அவர் தலையில் இடி விழுந்தது. அவருடைய லேபிளில் இருந்தது நட்சத்திரம். வேறொரு சோடாக்காரர் அதே நட்சத்திரத்தை ஒட்டி, குளத்துத் தண்ணீரில் அடைத்த சோடாவைத் திருவிழாக் கூட்டத்தில் விற்றுவிட்டார். குடித்தவர்களுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. பழி ரசலையனுக்கு வந்தது. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் மெஷினை விற்றுவிட்டு மலையில் ரப்பர் வெட்டத்தான் போகவேண்டும்.

வக்கீல் கிருஷ்ணமணியிடம் ஓடினார். "மார்க்க ரிஜிஸ்தர் பண்ணிப்போடும். ஆனா சோடாத் தொழில்ல வேற ஒருத்தன்கிட்டயும் அது இருக்கப்பிடாது. எழுத்தறியாதவனும் பாத்த ஒடனே இது உமக்க சோடான்னு சொல்லணும்" என்றார் வக்கீல்.

ஒரு வாரம் கடை கடையாக ஏறி இறங்கினார் ரசலையன். சிங்கம் ஒருவரிடம், யானை ஒருவரிடம்; மயில், கிளி, குதிரை, பசு எல்லாம் போயாகிவிட்டன. சலித்துப்போய், 'சுத்தமான சோடா' என்பதையே மார்க்காக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "அழுக்கு சோடான்னு எவன் ஓய் விப்பான்? அது எல்லாருக்கும் உள்ள பேச்சு" என்று வக்கீல் கையை விரித்தார்.

அப்புறம்தான், எந்தச் சோடாக்காரரும் தொடாத கழுதை வந்தது.

தேவகனி அழுதேவிட்டாள். "கோயில்ல நான் எப்பிடி முகம் காட்டுவேன்? கழுதைக்காரி வாறான்னு சொல்லமாட்டாவளா?"

கோயில் உபதேசியார் முத்துநாயகம் விழுந்து விழுந்து சிரித்தார். ரசலையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆண்டவரு எருசலேமுக்குச் சிங்கத்துமேலயா ஏறிப் போனாரு? குருத்தோலை ஞாயித்துக்கெழம முன்னால நின்னு பாட்டுப் படிக்கீரே, அவரச் சொமந்தது எது ஓய்?"

உபதேசியார் சிரிப்பை விட்டுவிட்டு, சரிதான் என்று தலையாட்டினார். தேவகனிதான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவருக்கும் கூச்சம் இல்லாமல் இல்லை. ஊர் சிரிக்கும் என்று தெரியும். சிரித்தவன் அந்தக் குப்பியை மறக்கமாட்டான் என்றும் தெரியும். பாவம், இரண்டையும் சேர்த்தே சுமந்துகொண்டுதான் பதிவுக் கச்சேரிப் படி ஏறினார்.

குமாஸ்தா விண்ணப்பத்தை உரக்க வாசித்தார்: "கழுதை மார்க்..." வராந்தாவில் பத்திரம் பதிய வந்திருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரசலையனுக்கு முகம் கறுத்துவிட்டது. தலையைக் குனிந்தவர் கண்ணில், மனுவோடு ஒட்டியிருந்த படம் பட்டது. வரைந்தவர் அச்சுக்கூடத்து ஆள், ரசலையனுக்கு வேண்டியவர். சிநேகிதனின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, காதைக் குறுக்கி, பிடரியைச் சிலிர்க்கவிட்டு, கழுதையை முக்கால்வாசி குதிரையாக்கியிருந்தார். இப்படியே பதிந்தால் நாளைக்குக் குதிரை மார்க்காரரின் சரக்கும் இவருடையதும் ஒன்றாகிவிடும். மறுபடியும் பழைய கதைதான்.

"சாரே, அந்தப் பேனாவ இஞ்ச கொஞ்சம் தாரும்."

வாங்கி, சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே மேஜைமேல் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கழுதையின் இரண்டு காதுகளையும் காகிதத்தின் விளிம்புவரை நீட்டி வரைந்தார் ரசலையன்.