கன்னியம்மாளின் நான்காவது மாத்திரை

3-6-2004: 2,14,000
12-7-2004: 1,86,000
9-8-2004: 1,12,000
6-9-2004: 61,000
4-10-2004-க்குள் இறங்க வேண்டியது: 10,000-க்குக் கீழே

இவை கன்னியம்மாளின் ரத்தத்தில், ஒரு கன மில்லிமீட்டருக்கு, இருந்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. நல்ல உடம்பில் பதினோராயிரத்தைத் தாண்டாது. கடைசி வரி எண்ணிக்கை அல்ல, கெடு. அதற்குள் இறங்காவிட்டால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். வேறு மருந்து இல்லையா என்றால், இருந்தது. எங்கள் கைக்கு எட்டாத விலையில்.

கன்னியம்மாளுக்கு அப்போது வயது 39. ஆந்திர எல்லைக்குள், பாலசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர். அப்பன் அம்மாவுக்கு நிலம் இல்லை. ஊரார் கரும்பை வெட்டிப் பிழைத்தவர்கள். 1989-இல் அரசாங்கம் கன்னியம்மாள் பேரில் ஒரு ஏக்கருக்குப் பட்டா கொடுத்தது. கல்லும் முள்ளுமான அந்த நிலத்தைச் சீர்செய்யக் கன்னியம்மாளுக்கும் அவள் கணவன் சம்பத்துக்கும் நான்கு வருஷம் ஆயிற்று. 2002 பிப்ரவரியில் சம்பத் கார் ஓட்டக் குவைத்துக்குப் போனான். அவள் இரண்டு சீமைப் பசு வாங்கினாள். நான் பால் சங்கத்தில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் காலை ஆறு பத்துக்கு அவள் பால் வந்துவிடும்; ஆறு பன்னிரண்டு ஆனதில்லை. உறவு ஏதும் இல்லை, ஆனாலும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

2004 தை மாதம் அவளுடைய வயிறு இடது பக்கமாகப் பெருக்க ஆரம்பித்தது. கரும்புக் கொல்லையில் கூட வேலை செய்யும் கமலம்மா வாய்விட்டே கேட்டாள்:

"ஏண்டி, சம்பத்து கொய்த்துல கீறான். உனக்கு இன்னாடி வயிறு?"

"ஃபோன்லயே குடும்பம் பண்றோம்டி. உன் ஊட்டுக்காரன் பக்கத்துலயே பட்த்துக்கினு கீறான், ஒண்ணத்தையும் காணோமே!"

கொல்லையே சிரித்தது. ஆனால் சித்திரைக்குள் அவளால் பால் கேனைத் தூக்க முடியவில்லை. புத்தூரில் ரத்தம் பார்த்தவர் காகிதத்தை மடித்துக் கொடுத்து, இன்றைக்கே திருப்பதிக்குப் போங்கள் என்றார். அங்கே சொன்னார்கள்: ரத்தப் புற்றுநோய். வயிற்றில் இருந்தது வீங்கிய மண்ணீரல்.

ஊரிலிருந்து ஆட்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பிய அதே காலத்தில் வெளிநாட்டு மருந்து எங்களைத் தேடித் திருப்பதிக்கு வந்தது. கடைக்கு வராத புது மாத்திரை, பெயர்கூடக் கிடையாது, ஒரு எண் மட்டும். அந்த ஆஸ்பத்திரியில் அதைச் சோதிக்க ஒன்பது நோயாளிகளைச் சேர்த்தார்கள். மருந்தும் சோதனையும் இலவசம். கன்னியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவர் சம்மதிக்கும்போது, ஆஸ்பத்திரியைச் சேராத ஒருவர் முழுவதும் உடனிருந்து கேட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அதற்காக என்னைக் கூட்டிப் போனாள்.

டாக்டர் ஹரிபாபு பதினொரு பக்கத்தையும் படித்து விளக்கினார். ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆயிற்று. நடுவில் அவள் கேட்டாள்:

"சார், இத்த முன்ன யாருக்குனா குடுத்தீங்களா?"

"முதலில் எலிக்குக் கொடுத்தாங்க அம்மா."

"எலி இப்ப இன்னா பண்ணுது?"

டாக்டர் சிரித்துவிட்டார். எலிக்குப் பிறகு எத்தனை மனிதர்களுக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேருக்கு வாந்தி, எத்தனை பேருக்கு முகம் வீங்கியது, எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிடிக்காவிட்டால் எந்த நாளும் விலகலாம் என்றார். அவள் மசியைத் தொட்டுக் கட்டைவிரலை அழுத்தினாள்.

அதுவரை எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் கொஞ்சம் தணிக்கும் சாதா மாத்திரை கொடுத்திருந்தார்கள். 12-7-2004 முதல் புது மருந்து: நாளைக்கு நான்கு மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின், ஒரு சொம்பு தண்ணீரோடு. ஒரு டப்பாவில் 120. இருபத்தெட்டு நாள் கழித்துப் போகும்போது எட்டு மிஞ்ச வேண்டும். நர்ஸ் வரலட்சுமி எண்ணி வாங்குவாள். தினமும் எழுத ஒரு சிறு புத்தகமும் கொடுத்தார்கள். அதை எழுதுவது என் வேலை ஆயிற்று. காலை எட்டரைக்கு அவள் வீட்டு வாசலில் நின்று கேட்பேன்: "ஆச்சா, கன்னிம்மா?" "ஆச்சி மாமா." எழுதுவேன்: நான்கு.

எண்ணிக்கை இறங்கியது! 1,12,000 என்று கேட்ட அன்று புத்தூரில் பஸ் மாறும்போது அவள் இரண்டு தட்டு போண்டா வாங்கித் தின்றுவிட்டு, "வயிறு கொறஞ்சி போச்சி மாமா, எடம் கீது" என்றாள். ஆனால் 6-9-2004 அன்று டாக்டர் ஹரிபாபு பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். மற்ற எட்டுப் பேரும் இரண்டாம் மாதத்திலேயே பத்தாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டார்கள். இவளுக்கு மட்டும் 61,000.

"மருந்து சரியாத்தானே சாப்பிடறீங்க?"

வரலட்சுமி டப்பாவைக் கவிழ்த்தாள். சரியாக எட்டு. புத்தகத்திலும் ஒரு நாள்கூட விடவில்லை. "கணக்கு கரெக்ட் சார்," என்றாள். இதே போக்கில் போனால் அக்டோபர் நாலாம் தேதி முப்பதாயிரத்துக்கு மேல்தான் நிற்கும்.

18-9-2004, புரட்டாசி முதல் சனிக்கிழமை. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைப்பார்கள். ஆனி, ஆடியிலிருந்தே பலர் உலை வைப்பதற்கு முன் ஒரு பிடி அரிசியைப் பெருமாளுக்கு என்று நாமம் போட்ட செம்பில் எடுத்து வைப்பார்கள். அந்த அரிசியில்தான் தளிகைப் பொங்கல். மதியம் படையல் முடியும் வரை அவள் விரதம். மாத்திரையும் அதன் பிறகுதான். ஆகவே அன்று பதினோரு மணிக்குப் போனேன். அவள் செம்பை முறத்தில் கவிழ்த்தாள்.

அரிசியோடு மாத்திரைகள் கொட்டின. மஞ்சள் நிறம். அதே மாத்திரை.

"இது இன்னா கன்னிம்மா?"

"சாமி பங்கு மாமா."

"எத்தினி நாளா?"

"மொத நாள்லேந்து. வெறும் அரிசிக்கே ஒரு பிடி எடுத்து வைக்கிறோம். உசுரக் குடுக்கற மாத்திரை, இதுல பங்கு இல்லன்னா சாமி இன்னா நெனைக்கும்? நாலுல மூணு எனுக்கு, ஒண்ணு அவுருக்கு. பொரட்டாசி முடிஞ்சி மலைக்குப் போய் உண்டியில போட்டுடலாம்னு..."

"உண்டியிலயா! ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ ஆச்சான்னு கேட்ட. ஆச்சின்னேன். எத்தினி துன்னன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. முறத்தின் முன் உட்கார்ந்து எண்ணினேன். ஜூலை 12 முதல் முந்தின நாள் வரை 68 நாள். மாத்திரை 68. ஒன்றுகூடக் குறையவில்லை, நான் எழுதிய 68 வரிகளில் ஒன்றுகூட உண்மை இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "கன்னிம்மா! மருந்து தோக்கல! முக்கால் மருந்துக்கே இவ்ளோ எறங்கியிருக்குது!"

அவள் முறத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நாலும் துன்னா?"

"நாலாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் கீது."

இனி ஒன்றும் சொல்லாமல் நான்கையும் சாப்பிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் விதியை மீறியவள் என்று வெளியே அனுப்பிவிடலாம். இதை நான் அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் படையலை முடித்தாள். சாப்பிட்டாள். நான்கு மாத்திரையையும் என் கண் முன்னால் ஒவ்வொன்றாக விழுங்கினாள். பிறகு சொன்னாள்:

"சொல்லிடு மாமா. மூணு மாத்திரை வேலைய நாலு மாத்திரை வேலைன்னு எழுதிக்கினா, எனுக்கப்பறம் வர்றவங்களுக்குத் தப்பா குடுத்துடுவாங்க இல்ல?"

"சாமி பங்கு?"

"சாமி மாத்திரையா துன்னப்போவுது? அறுவத்தெட்டு பிடி அரிசியா குடுத்துடறேன்."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து வரலட்சுமிக்குப் பேசினேன். "அய்யோ தேவுடா! சாமிக்கு மருந்தா? சாமிக்கு ஏமி ஜப்பு?" சாமிக்கு என்ன நோய் என்று அவள் தெலுங்கில் அலறியது பூத்துக்காரனுக்கும் கேட்டது. திங்கட்கிழமை மாத்திரைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

திங்கட்கிழமை டாக்டர் ஹரிபாபு 68-ஐயும் ஒரு உறையில் போட்டு ஒட்டினார். என் புத்தகத்தில் 68 வரிகளையும் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் மூன்று என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டுமாம். அது எனக்கும் பிடித்தது.

"கோபமா சார்?" என்றாள் கன்னியம்மாள்.

"கோபம் எம்மேலதான். எப்படிச் சாப்பிடணும்னு சொன்னேன், எல்லாத்தையும் நீங்களே சாப்பிடணும்னு சொல்லலையே." பிறகு சொன்னார்: "மருந்துக் கம்பெனிக்கு எழுதியே ஆகணும். வெச்சுக்கறதும் அனுப்பறதும் அவங்க முடிவு. ஆனா நாலாம் தேதி ரத்தம் நல்லா வந்தா எனக்குப் பேச வாய் இருக்கும்."

பதினாறு நாளும் நான் எண்ணிப் பார்த்துத்தான் எழுதினேன். அவள் முகம் வீங்கியது, கண் இடுங்கியது. கமலம்மா, "பூரி மாதிரி கீறியேடி" என்றாள். ஆனால் அந்தக் கமலம்மாவேதான் தினமும் காலையில் பால் கறந்து சங்கத்துக்கு எடுத்துப் போனாள். சம்பத் குவைத்திலிருந்து வாரத்துக்கு ஒரு முறை பேசியவன், இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் பேசினான்.

4-10-2004 அன்று காலை ஏழரைக்கு ரத்தம் எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குச் சொல்வதாகப் பேச்சு. பதினொன்று இருபதுக்கே வரலட்சுமி மாடிப்படியில் காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"எட்டாயிரத்து எழுநூறு! ஏமம்மா, கேட்டுச்சா? எட்டாயிரத்து எழுநூறு!"

கன்னியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள். வரிசையில் இருந்த முன்பின் தெரியாதவர்களும் கை தட்டினார்கள். டாக்டர் அவளைப் படுக்க வைத்து விலாவுக்குக் கீழே அழுத்தித் தேடினார். மண்ணீரல் கைக்கு அகப்படவில்லை.

கம்பெனியின் முடிவு மட்டும் வரவில்லை. டாக்டர் எழுதினார், கம்பெனி கேள்வி கேட்டது, அவர் பதில் எழுதினார். கடைசியில் ஆஸ்பத்திரி முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. தவறியவை 68 என்று பதிவு செய்யப்பட்டது. நோயாளி மறைக்காமல் சொன்னதும் பதிவு செய்யப்பட்டது. அவர் சோதனையில் தொடரலாம். பலன் இருக்கும் வரை மருந்து நிற்காது. தெலுங்கில் இருந்ததை நான் தமிழில் படித்துச் சொன்னேன். இன்னொரு முறை என்றாள். மூன்று முறை படித்தேன்.

கடிதம் வந்த நாள் 18-11-2004, வியாழக்கிழமை.