நாற்பத்தொரு வயதில் பட்டாளத்துக்குப் போனவர்

அஸ்தினாபுரத்தில் என் வீட்டு அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் மாலதி அக்காவின் போன் வந்தது. "மாமா போயிட்டாருடி. ஏரிக்கரைல ஓடிட்டிருந்தப்ப விழுந்துட்டாராம். வாக்கிங் வந்தவங்க தூக்கிட்டு வந்தாங்க" என்றாள். அழவில்லை. "முதுகுல அந்த மணல் மூட்டை அப்படியே இருந்துச்சு" என்றாள்.

நான் சிட்லபாக்கம் போய்ச் சேர்வதற்குள் தெருமுனையில் பேனர் ஏறிவிட்டது. "கேப்டன் சுகுமாரன் அவர்களுக்கு வீரவணக்கம்." சீருடையில் அவர் படம். கீழே குடியிருப்போர் சங்க நிர்வாகிகளின் படங்கள், அவருடையதைவிடக் கொஞ்சமே சின்னதாக. என் அக்கா கணவர் போர்முனையில் சாகவில்லை. இதயம் பலவீனமாக இருக்கிறது, சுமை தூக்கி ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும், தூக்கிக்கொண்டு ஓடி இறந்தார். அதற்கு வீரம் என்ற சொல்லைச் சங்கம் தேர்ந்தெடுத்துவிட்டது. "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மேடம், நினைவு மலர்ல போடணும்" என்று தலைவர் என்னிடமே கேட்டார். நல்லதாக வருமா என்று தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

மாமா லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் மேலாளர். நாற்பது வயதுவரை அவரிடம் குறிப்பிட்டுச் சொல்ல எதுவும் இல்லை. பிறகு, வேலையை விடாமலேயே ஆண்டுக்கு இரண்டு மாதம் ராணுவத்தில் பணிசெய்யும் பகுதிநேரப் படைக்கு அதிகாரிகளை எடுக்கிறார்கள் என்று எங்கோ படித்தார். எழுத்துத் தேர்வு, நேர்காணல், உடற்தகுதி என்று எல்லாவற்றிலும் தேறினார். அத்துடன் நிற்கவில்லை. அந்தப் படையிலேயே விமானத்திலிருந்து குதிக்கும் பாராசூட் பிரிவுக்கு விருப்பம் தெரிவித்தார். இருபத்தைந்து வயதுக்காரர்களே பாதியில் கழன்றுகொள்ளும் பயிற்சி அது. மாமா முடித்தார். அந்தப் பிரிவுக்கே உரிய மெரூன் நிறத் தொப்பியோடு தாம்பரம் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தத் தொப்பிக்குள் போன தலை பிறகு எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

வீட்டில் சாப்பாட்டு நேரம் "மெஸ் டைம்" ஆயிற்று. காய்கறிக்காரர் தாமதமாக வந்தால் விளக்கம் கேட்டார். என் கணவரின் தொப்பையைக் காட்டி, "இதை வெச்சிட்டு எப்படித் தூங்கறீங்க?" என்று விருந்துக்கு வந்த இடத்திலேயே கேட்டார். எந்தப் பேச்சிலும் அவருக்குக் கடைசி வரி ஒன்றுதான்: "நீங்க சிவிலியன். உங்களுக்குப் புரியாது." அவர் ஏரிக்கரையில் மணல் மூட்டையோடு ஓடியபோது இதே சங்கத்தார், "யார் வீட்டு சிமென்ட் சார் அது?" என்று கேட்டுச் சிரித்தவர்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அவர் படத்தைப் போட்டதும் சிரிப்பு நின்றது. குடியரசு நாளுக்குக் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். அவரும் போய், கொடிக்கயிறு தொய்வாக இருக்கிறது என்று செயலாளரை எல்லார் முன்னாலும் திட்டினார். செயலாளர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். யாரை அதிகம் இகழ்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த டிசம்பர் மழை வந்தது.

மாமாவின் பிரிவை மீட்புப் பணிக்கு டெல்டா பக்கம் அனுப்பினார்கள். உத்தரவு வந்த அன்றே அவர்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். உள்ளே பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக அவருடைய அம்மா. பிள்ளைகள் இல்லாத வீடு. "அம்மாவ மட்டும் தூக்கி என் தங்கச்சி வீட்டுல விட்டுட்டுப் போங்க. அரை மணி நேரம்" என்று அக்கா கேட்டாள். "ரிப்போர்ட்டிங் டைம் மாறாது" என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்தே போய்விட்டார்.

மறுநாள் ஏரி நிரம்பி வழிந்தது. அக்கா மாமியாரைச் சாப்பாட்டு மேசைமேல் படுக்கவைத்து, தான் நாற்காலியில் ஏறி நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். என்னால் போக முடியவில்லை. கடற்கரைக் குப்பத்திலிருந்து லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள்தான் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார்கள். படகுக்காரர் பெயர் ஏழுமலை.

"வூட்ல ஆம்பள யாரும் இல்லியாம்மா?"

"மிலிட்டரில இருக்காருப்பா. வெள்ளத்துல ஜனங்களக் காப்பாத்தப் போயிருக்காரு."

ஏழுமலை இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வீட்டை ஒரு முறை பார்த்தாராம். "இங்க கீறது இன்னாம்மா, பன்னீரா?" என்று கேட்டுவிட்டு, மாமியாரைப் பாயோடு தூக்கினாராம்.

டெல்டாவில் மாமா பலரைக் காப்பாற்றினார். ஒரு மூதாட்டியை அவர் முதுகில் சுமந்து வரும் படம் பேப்பரில் வந்தது. தண்ணீர் வடிந்து, சங்கம் பாராட்டு விழா வைத்தது. பொன்னாடை போட்டார்கள். மாமா மைக்கைப் பிடித்துத் தலைமைப் பண்பு பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள்.

"உங்க அம்மாவக் காப்பாத்தினவர் பேரு ஏழுமலை. அவர யாரும் கூப்பிடலியே?"

மாமா சிரித்தபடி, "மேடம், கேள்விகள் கடைசில" என்றார். மேடம் என்றார். கூட்டம் கைதட்டியது. அக்கா எழுந்த இடத்திலிருந்தே வெளியே நடந்தாள். நானும் பின்னால் போனேன். அன்றிலிருந்து அவருடைய சீருடையை அவள் தொடவில்லை. அவரே துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக்கொண்டார். மாமியார் இறந்த பிறகு அந்த வீட்டில் இருவரும் பேசிக்கொண்டதை நான் கேட்டதில்லை.

போன ஆண்டு முகாமில் ராணுவ மருத்துவர்கள் அவர் இதயத்தைச் சோதித்துவிட்டு, இனி குதிக்க முடியாது என்றார்கள். அதை மாற்றிக் காட்டத்தான் மறுபடி மணல் மூட்டை. "அம்பத்தோரு வயசுல யாருக்கு நிரூபிக்கணும்?" என்று நான் நேராகவே கேட்டேன். பதில் உங்களுக்கே தெரியும்; நான் சிவிலியன்.

இறந்த அன்று பிற்பகல் அவர் பிரிவிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். பேனரையோ தலைவரையோ அவர்கள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்து, மாமாவின் தொப்பியை அவர் நெஞ்சின்மேல் வைத்துவிட்டு நின்றார்கள். அவர்களில் மூத்தவரான சுபேதார் சாமுவேல், திருநெல்வேலிக்காரர், அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எல்லாரும் சொல்கிற மாதிரி இவரும் வீரம் என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சாருக்கு உயரம்னா பயம்மா" என்றார் அவர். "ஒவ்வொரு தடவையும் விமானத்துல ஏறுறதுக்கு முன்னாடி வாந்தி எடுப்பாங்க. எங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசிக்கிட மாட்டோம். வாயத் தொடச்சிட்டு வந்து, வாசல்ல மொத ஆளா நிப்பாங்க. மொத ஆளா குதிச்சிருவாங்க."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ எறங்கினப்புறம்?"

"சிரிப்பாங்கம்மா. புல்லுல மல்லாக்கப் படுத்துக்கிட்டு, சின்னப் புள்ள மாதிரி, சத்தமா. நாங்க போயித் தூக்கிவிடணும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அக்கா, சுபேதாரிடம் அல்ல, படுத்திருந்தவரிடம். "பயமா இருக்குன்னு ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல." காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அது துக்கத்தைவிடக் கோபமாகவே இருந்தது. அவள் அழுதபோது சங்கத் தலைவர் மலர்வளையத்தோடு படத்துக்குப் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாமா, எங்களிடம் நீங்கள் காட்டிய அந்த விறைத்த முகத்துக்கு என்னிடம் மரியாதை இல்லை. இறந்துவிட்டீர்கள் என்பதற்காக அதை மாற்றிக்கொள்ளவும் மாட்டேன். அந்த இன்னொரு மனிதரை, ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து வரிசையில் நின்றவரை, நான் சந்தித்ததே இல்லை. சந்தித்திருந்தால் எனக்குப் பிடித்திருக்கும். அவருக்கு என் வணக்கம். அமைதியாகப் போங்கள்.

ஐவரும் தூக்கினார்கள். வாசல்வரை வந்த பெண்கள் வழக்கப்படி நின்றுகொண்டார்கள். மாலதி அக்கா நிற்கவில்லை. யாரையும் கேட்காமல் அமரர் ஊர்தியில் ஏறி, அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "லேடீஸ் வர்ற வழக்கமில்லியேம்மா" என்று தலைவர் தொடங்கினார். சுபேதார் சாமுவேல் கதவைச் சாத்தினார், வண்டி கிளம்பியது.