கடைசிப் பாரா

பெத்தம்மாள் பேசினால் ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனை வரை கேட்கும். பேண்டேஜ் துணி ஆலையில் தறிச் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. அப்படிப்பட்டவள் எழுத்துள்ள காகிதத்தைக் கண்டால் மட்டும் ஒடுங்கிப்போவாள். காரணம் உண்டு. கூமாப்பட்டியில் அவள் புருஷன் என்னவென்று கேட்காமல் ரேகை வைத்த பத்திரத்தால் அவர்களுடைய நிலம் பங்காளிக்குப் போய்விட்டது. வழக்காடியும் மீளவில்லை. அந்த ஏக்கத்திலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் டைப் மிஷினோடு உட்கார்ந்து அவர்களுக்கு மனு அடித்துக் கொடுத்தவன் நான். "வச்ச ரேகை வச்சதுதான், பெத்தம்மா" என்று அன்று அவளுக்குப் பாடம் சொன்னவனும் நானே.

தொண்ணூற்று மூன்றில் அவளுடைய ஒரே மகன் தவசிக்கு ரத்தப் புற்றுநோய் முற்றிவிட்டது. ஒன்பது வயது. மதுரை டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இங்கே இருக்கும் மருந்தெல்லாம் கொடுத்தாயிற்று. வெளிநாட்டில் இன்னும் சோதனையில் இருக்கும் மருந்து ஒன்று உண்டு, அரசாங்க அனுமதி ஆகவில்லை, டெல்லிக்குத் தனியாக எழுதி வரவழைக்கலாம். பிழைக்கலாம், வேதனை கூடவும் செய்யலாம். அவள் சம்மதித்தால்தான்.

நாலு பக்க இங்கிலீஷ் காகிதத்தோடு கோர்ட் வாசலுக்கு வந்தாள்.

"ஒரு எழுத்து விடாமப் படிச்சுச் சொல்லுங்க, அண்ணாச்சி. ரேகை வைக்கலேன்னா பிள்ளை போயிருவான். வச்சா என்ன ஆகும்னு டாக்டருக்கே தெரியலயாம்."

மூன்று பக்கம் ஒழுங்காகத்தான் படித்தேன். காய்ச்சல், வாந்தி, வாய்ப்புண், உயிருக்கு ஆபத்து.

"அம்புட்டும் எம் பிள்ளைக்கு வருமா?"

"வரலாம்."

"வராமலும் போகலாம்ல?"

"போகலாம்."

நாலாம் பக்கம் திருப்பும்போது வக்கீல் குமாஸ்தா அவசர மனுவோடு வந்து நின்றான். பத்திரங்களில் கடைசிப் பாரா எப்போதும் ஒரே சங்கதிதான். இருபது வருட அனுபவத் திமிர் எனக்கு. "இது எல்லாத்துலயும் இருக்கதுதான். இனி ஒம் முடிவு" என்று மடித்துக் கொடுத்தேன்.

ரெண்டு நாள் வேலைக்குப் போகாமல் யோசித்தாள். பிறகு ரேகை வைத்தாள். "முழுசாப் படிச்சுக் கேட்டீங்களாம்மா?" என்றாராம் டாக்டர். "ஒரு எழுத்து விடாம" என்றாளாம்.

ஏழு வாரத்தில் தவசி இறந்துவிட்டான்.

காரியம் முடிந்து இறப்புச் சான்றிதழுக்கு மனு அடிக்க வந்தாள். விவரம் பார்க்க, ஆஸ்பத்திரியில் கொடுத்த அதே காகிதத்தின் நகலைத் தந்தாள். கடைசிப் பாராவை அப்போதுதான் படித்தேன். பெற்றவர் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே, மருந்தை நிறுத்தச் சொல்லலாம் என்றிருந்தது.

அவளுக்குக் குரலே எழும்பவில்லை.

"கடைசி மூணு வாரம் வாயெல்லாம் புண்ணு, அண்ணாச்சி. தண்ணி எறங்கல. ஊசி போட வரும்போதெல்லாம் 'போதும்மா, வேண்டாம்னு சொல்லும்மா'ன்னு எங் கையப் பிடிச்சுக்கிடுவான். நான்தான், 'ரேகை வச்சாச்சு ராசா, இனி மாத்த முடியாது, பொறுத்துக்கோ'ன்னேன். மாத்த முடியாதுதானே?"

நான் மனுவை அடித்து முடித்து மிஷினிலிருந்து உருவினேன். மறுபடியும் கேட்டாள்.

"முடியாது, பெத்தம்மா" என்றேன்.

"அப்பச் சரி" என்று மையில் பெருவிரலை ஒற்றி, மனுவில் நான் காட்டிய இடத்தில் வைத்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.