பேய் மாதத்தில் ஏறிய விகிதம்

ஷியே வான்ருங் பயந்தாங்கொள்ளி என்பது தாவ்யுவான் விமான நிலையம் முழுக்கத் தெரியும். லிஃப்டில் ஏறுமுன் கட்டடத்துக்காரர் மின்கட்டணம் கட்டிவிட்டாரா என்று விசாரிப்பாளாம். விமானங்களுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்பும் பெரிய சமையற்கூடத்தில் அவள் வேலையே அதுதான்: எந்த ஏர்லைன்ஸை நம்பிக் கடனுக்குச் சாப்பாடு ஏற்றலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்வது. பயப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள்.

அன்றைக்கு அவளைப் பயமுறுத்தியது ஒரு நல்ல செய்தி. நீலக்கொக்கு ஏர்லைன்ஸின் மாதக் கணக்கு வந்திருந்தது. சீக்கிரம் கொடுக்கவேண்டிய ஒவ்வொரு நூறு டாலருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் முன்பு அறுபதுதான் இருக்கும், இப்போது தொண்ணூறு. இதைத்தான் நடப்பு விகிதம் என்பார்கள்.

முற்றத்தில் ஏழாம் மாதத்தில் பூமிக்கு வருவதாக நம்பும் பேய்களுக்குப் படையல் வைத்து, மேனேஜர் காவ் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

“நடப்பு விகிதம் எகிறிடுச்சாமே. கம்ப்யூட்டர் மேல பச்சை நொறுக்குப் பொட்டலம் வெச்சியா? அது இருந்தா மெஷின் சொன்னபடி கேக்கும்.”

“வெச்சிருக்கேன் மேனேஜர். ஆனா இது ஏறக்கூடாத விகிதம்.”

“ஏறினாலும் அழுவியா நீ?”

“டிக்கெட்டுக்கு ஜனங்க முன்கூட்டியே கட்டுற பணம் ஏர்லைன்ஸுக்குக் கடன் மாதிரி. அவங்கள ஏத்திப் பறந்து தீர்க்கணும். அந்தக் கடன் பாதியாயிடுச்சு, அதான் விகிதம் ஏறிடுச்சு. யாரும் டிக்கெட் வாங்கலைன்னு அர்த்தம்.”

“பேய் மாசத்துல யாரு ப்ளேன் ஏறுவா? எங்க மாமியாரே ஏற மாட்டாங்க. அவங்களப் பாத்துப் பேயே ஒதுங்கும்.”

“போன வருஷமும் பேய் மாசம் வந்துச்சே. அப்பவும் அறுபதுதான், டிக்கெட் பணமும் குறையல.”

காவின் கையிலிருந்த ஊதுவத்தி சாம்பல் உதிர்த்தது. “டிக்கெட் விக்கலைன்னா கைப்பணமும் வத்தியிருக்கணுமே?”

“சொந்த விமானங்கள வித்துட்டு, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டுறாங்க. அந்தப் பணம் அடுத்த மாச நிலா விழா வரைக்கும்கூடத் தாங்காது.”

சொல்லிவிட்டாளே தவிர, அதை எழுத்தில் வைக்கத் தயங்கினாள். தங்கை வான்திங் அந்த ஏர்லைன்ஸில்தான் பணிப்பெண். ‘கைமேல் காசு’ என்று வான்ருங் எழுதினால் விமானத்துக்கு எரிபொருள் போடும் எண்ணெய்க்காரனுக்கு மூக்கில் வியர்க்கும். அவனும் காசு கேட்பான். நாலு வாரம் நொண்டக்கூடிய நிறுவனம் நாலே நாளில் படுத்துவிடும். எழுதாமல் விட்டால், இங்கே விடிய விடியச் சோறு வடிக்கிற அத்தனை பேரின் சம்பளமும் அதோடு போகும். கணக்கே தப்பாயிருந்தால்?

அந்த நேரம் பார்த்து வான்திங்கிடமிருந்து போன்.

“அக்கா, ப்ளேன் காத்தாடுது. கால நீட்டி உக்காந்து வரேன்னா பாத்துக்கயேன். ஓசாகா போயிட்டு வரப்ப மிஞ்சுற சாப்பாட்டுல உனக்கு ரெண்டு கொண்டாரவா?”

“வேணாம்மா,” என்றாள் வான்ருங். தங்கை வாயாலேயே சாட்சி வந்துவிட்டது. மேசைக்குத் திரும்பிப் பேனாவை எடுத்தாள். கடன் நிறுத்தம், இனி கைமேல் காசு என்று எழுதினாள். காவ் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பகல், மறுபடி போன். வான்திங் குரல் அடங்கியிருந்தது.

“அக்கா, சாப்பாட்டு வண்டி கீழ நிக்குது. டிரைவர் கதவத் திறக்க மாட்டேங்கிறாரு. காசு வெச்சாத்தான்ங்கிறாரு. பெட்டி எடை கூடினதுக்கு வசூலான பணத்த எடுத்துட்டுக் கவுன்டர்ல இருந்து ஓடி வராங்க. இதெல்லாம் யாரு வேலை?”

“நான்தான்.”



“எண்ணெய் வண்டியும் நிக்குது,” என்றாள் வான்திங். “அவரும் காசு கேக்குறாரு.”

வான்ருங் ஜன்னல் வழியே பார்த்தாள். நிறுத்துமிடத்தில் நீலக்கொக்கு விமானம் நின்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அது நகரவில்லை.