சிந்துஜா ஏப்ரனைக் கழற்றிய சனிக்கிழமை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பிரெஞ்சுத் தலைநகரில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினிக்குள் நின்று நான் ஒரு பொய் சொன்னேன். பெரிய பொய் இல்லை... மொழிபெயர்க்கிறவர்கள் சொல்கிற மாதிரிப் பொய்.

முதலில் சிந்துஜாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது இருபத்துநான்கு. பக்கத்துப் புறநகர் பொபினியில் பிறந்தவள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். தமிழ் நன்றாக விளங்கும். பேச வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான் முந்திக்கொண்டு வரும். இரண்டு வருடமாக, வாரத்தில் மூன்று காலை, குணம் அண்ணையின் அந்தக் கடையில் கறி வைத்து ரோல்ஸ் சுற்றுகிறாள். சம்பளம் கிடையாது. "பழகட்டும்" என்று தொடங்கியது. ரோல்ஸ் சுற்ற எத்தனை வருடம் பழக வேண்டும், நீங்களே சொல்லுங்கள்?

ஸ்டாலின்கிராட் மெட்ரோ பக்கத்தில் ஒரு மண்டபத்தில் புதன்கிழமைகளில் அவளைப் போன்ற ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். எல்லாரும் வேலை செய்கிற இடத்தில், எல்லாரையும் போலச் சம்பளத்துக்கு வேலை — அதைக் கேட்பதற்காகவே ஒரு குழு. அங்கேதான் 'கொந்த்ரா' என்ற சொல்லை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேலை ஒப்பந்தம். அதைக் குணம் அண்ணையிடம் கேட்கப் போவதாகவும், அவருக்குப் பிரெஞ்சு அரைகுறை என்பதால் தான் சொல்வதை, வீட்டுக்குப் பழக்கமான நான் தமிழில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டாள். சரி என்றேன்.

சனிக்கிழமை காலையிலேயே அவளுடைய அம்மா வசந்தி அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"அவள் சொல்லுறதை அப்பிடியே சொல்லிப்போடாதையும். கடைக்கார மனுசன் கோவிச்சு 'இனி வரவேண்டாம்' எண்டு சொன்னா, பிள்ளை வீட்டில சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கோணும்."

அந்தப் பயம் பொய் இல்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது.

பதினொன்றரை மணி. வெளியே மதியச் சாப்பாட்டுக்கு வரிசை நீள்கிறது. உள்ளே எண்ணெய் கொதிக்கிறது. குணம் அண்ணை கடிகாரத்தைப் பார்க்கிறார். சிந்துஜா ஏப்ரனோடு அவர் முன்னால் நின்று பிரெஞ்சில் சொன்னாள் — எனக்கு கொந்த்ரா வேண்டும், இல்லையென்றால் இன்றோடு வரமாட்டேன்.

நான் தமிழில் சொன்னேன்: "அண்ணை, வசதிப்பட்டா எப்பவாவது ஒரு கொந்த்ரா குடுக்கேலுமோ எண்டு கேக்கிறாள்."

சிந்துஜா என் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, நான் அப்பிடிச் சொல்லேல்லை."

தமிழில்தான் சொன்னாள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அதற்குப் பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. சொற்களைத் தேடித் தேடி, தானே பேசினாள்.

"மாமா, கொந்த்ரா தாங்கோ. தராட்டி நான் வரமாட்டன்."

"உனக்கு இஞ்சை என்ன குறை பிள்ளை? மகள் மாதிரித்தானே பாக்கிறன்."

"உங்கட மகள் எங்கை வேலை செய்யிறா?"

"பாங்கில."

"அங்கை அவவுக்குச் சம்பளம் குடுக்கினமோ?"

பக்கத்தில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது. குணம் அண்ணை ஒரு துணியை எடுத்து, துடைக்கத் தேவையில்லாத மேசையைத் துடைத்தார்.

"சம்பளம் தந்தா உனக்கு அரசாங்கம் தாற உதவி நிண்டுபோகும். கொம்மாவைக் கேட்டுப் பார்."

சிந்துஜா காற்சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"நான் உதவி தாற ஒஃபிசில கேட்டனான். முழுக்க நிக்காது. அவை இதில எழுதித் தந்தவை."

அவர் அதை வாசிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "உதெல்லாம் ஆர் இவளுக்குச் சொல்லிக் குடுக்கிறது?"

"நான்தான் கேட்டனான்," என்றாள் சிந்துஜா மறுபடியும்.

"சனிக்கிழமை பாத்துக் கழுத்தைப் பிடிக்கிறாய்... யோசிச்சுச் சொல்லுறன்."

அவள் ஏப்ரனைக் கழற்றினாள். மடித்து மேசையில் வைத்தாள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு நடுவே வெளியே போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

மெட்ரோவில் அவள் அந்தக் காகிதத்தை விரித்து விரித்து மடித்தாள். "பயமா?" என்று கேட்டேன். "ஓம்," என்றாள்.

வசந்தி அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டார்: "நீர் கூடப் போனதாலதான் இவ்வளவும்." பிறகு என் போனை எடுக்கவில்லை. கடையிலிருந்தும் ஒரு தகவல் இல்லை. ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம்... அந்த இடம் போய்விட்டதென்றே நினைத்தேன். ஒரு பிள்ளைக்கு வேலைக்கென்று வெளியே போக இருந்த ஒரே வாசலையும் அடைத்துவிட்டோமோ?

சிந்துஜா சும்மா இருக்கவில்லை. தன் குழுவோடு மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவிலிருந்து லா சப்பல் வரை கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு பின்னேரம் நானும் போனேன். கடைக்குக் கடை அவள் சொன்னது ஒன்றுதான்: "நாங்கள் உதவி கேட்டு வரேல்லை. வேலை கேட்டு வந்திருக்கிறம்." ஆறு கடை. நாலு கடையில் இனிப்புத் தந்தார்கள். ஒருவர் அவள் கன்னத்தைத் தட்டினார். ஒருவரும் போன் நம்பர் வாங்கவில்லை.

எங்கள் ஆட்களுக்குச் சட்டென்று மனம் இளகிவிடும். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இருபத்துநான்கு வயதுப் பெண் வேலை கேட்கும்போது லட்டுக் கொடுப்பதற்கு என்ன பெயர்? "எங்கட பிள்ளை" என்று சொல்லிவிட்டால் சம்பளப் பேச்சையே எடுக்கத் தேவையில்லை — எவ்வளவு வசதி! அன்றைக்குக் குசினியில் நான் செய்ததும் ஏறக்குறைய அதுதானே?

பத்தாம் நாள் குணம் அண்ணையே எனக்குப் போன் எடுத்தார்.

"கொந்த்ரா எழுதியாச்சு. வந்து கையெழுத்து வைக்கச் சொல்லும்."

"என்னண்டு அண்ணை மனம் மாறினது?"

"வீட்டில மகளிட்டைச் சொன்னன். ரெண்டு நாளா அவள் என்னோடை கதைக்கேல்லை."

சிந்துஜா கையெழுத்து வைக்க நெடுநேரம் எடுத்தாள். பிரெஞ்சில் இருந்ததை ஒவ்வொரு வரியாக வாசித்தாள். விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்டாள். கணக்காளரிடம் கேட்டு வைத்திருந்ததை அவர் பொறுமையாகத் தமிழில் சொன்னார். இந்த முறை என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

போன செவ்வாய்க்கிழமை முதல் நாள் வேலை. மத்தியானம் வசந்தி அக்காவின் அழைப்பு. கோபித்த பிறகு முதல் தடவையாக அவரே எடுத்தார்.

"மெட்ரோ இடையில நிண்டு பிள்ளை இருபது நிமிசம் பிந்திப்போனவள். எல்லாருக்கும் முன்னாலை அந்த மனுசன் ஏசிப்போட்டாராம்."

பதறிப்போய் சிந்துஜாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் அன்ரி, ஏசினவர்," என்றாள். குரலில் அப்படியொரு பெருமை. "பிந்தி வந்தா எல்லாரையும் ஏசுறவர்."

இரண்டு வருடத்தில் அவர் அவளை ஏசியது அதுதான் முதல் தடவை.